பின்பக்க வலது ஷாக் முழுசாக அமுங்கவில்லை

டமியா டிடி-03 பக்கி, 1/10 அளவு ரிமோட் கார். கிட்டோடு வந்த ஃபிரிக்‌ஷன் ஷாக்கில் (அதிர்வு தாங்கியில்) எண்ணெயே கிடையாது, வண்டி பந்து மாதிரி குதிக்கும். போன மாதம் நான்கையும் மாற்றி அலுமினிய ஆயில் ஷாக் போட்டேன். மூன்று சரி. பின்பக்க வலது மட்டும் கடைசிக் கால்வாசிக்கு இறங்காமல் இறுகி நிற்கிறது. ஓட்டுவது கோவையில், செம்மண் மைதானத்தில்.

ஓ-ரிங் (ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) புதிது. ஆயிலை 400-லிருந்து 300 சிஎஸ்டிக்கு (ஆயிலின் கெட்டித்தன்மை அளவு) இறக்கியாயிற்று. ஷாஃப்டை (ஷாக்குக்குள் போய்வரும் கம்பி) கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தேன், வளைவில்லை. ஷாக்கைக் கழற்றினால் சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் தன் எடையிலேயே விழுகிறது. மூடியைத் தளர்த்திக் கொஞ்சம் ஆயிலைக் கசியவிட்டால் முழுசாக அமுங்குகிறது. அப்புறம் ஒரு பேட்டரி தீர்வதற்குள் காற்று கலந்து ‘களுக் களுக்’ என்கிறது.

டயாஃப்ரம் (ஷாஃப்ட் உள்ளே வரும்போது ஆயிலுக்கு இடம் விடும் ரப்பர் சவ்வு) இல்லாத இந்த வகை ஷாக்கில், மூடியை முறுக்கும்போது ஷாஃப்ட் எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும்?