'கிளப்பர்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. கோலாலம்பூர் செந்தூல் வட்டாரக் குடும்பம் ஒன்றை வைத்து மேடை நாடகம் எழுதுகிறேன். மூத்த பையன் வெள்ளிக்கிழமை ஆனால் போதும், இரவு விடுதிகள் நிறைந்த சங்காட் புக்கிட் பிந்தாங் தெருவில் நிற்பான். ஆங்கிலத்தில் 'கிளப்பர்' என்று ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. ஆடவும் பாட்டுக் கேட்கவும் இரவு விடுதிக்கு வழக்கமாகப் போகிறவர். சங்க உறுப்பினரை அது குறிக்காது.

தமிழில்தான் இடிக்கிறது. 'கேளிக்கை விடுதிப் பிரியர்' என்று எந்த அம்மாவும் பேச மாட்டார். 'குடிகாரன்' என்றால் பழி. சொட்டுக்கூடக் குடிக்காமல் விடிய விடிய ஆடுகிறவர்களும் உண்டே. 'கிளப்புக்காரன்' என்றால் அந்தக் காலத்துக் காபி கிளப் முதலாளி வந்து நிற்கிறார். மலாயில் பந்துப் பைத்தியத்தைக் 'காக்கி போலா' என்பதுபோல இவர்களைக் 'காக்கி கிளப்பிங்' என்கிறார்கள். நமக்கும் பழகிய பேச்சுதான், ஆனால் மேடையில் சொன்னால் போலீஸ் சட்டை நினைவுக்கு வந்துவிடுமோ?

உங்கள் வீட்டில் அம்மா, பாட்டி எப்படித் திட்டுவார்கள்? பையன்கள் தங்களுக்குள் என்ன சொல்லிக்கொள்கிறார்கள்? பினாங்குப் பக்கம் வேறு சொல் இருந்தால் அதையும் போடுங்கள். அப்புறம், நாடகத்தில் அந்தப் பையனின் தம்பிக்கு 19 வயது. மலேசியாவில் மது வாங்கும் வயது 2017 டிசம்பரில் 21 ஆகிவிட்டதே, அதனால் ஐசி (அடையாள அட்டை) பார்த்து அவனை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். அங்கே காவல் நிற்கும் பவுன்சரை அவன் எப்படிக் கூப்பிடுவான், 'அண்ணே' என்றா, 'பாஸ்' என்றா?