யார்க் பயணம் – புதுப்பிப்பு: மழையில் மூன்று நாட்கள்

மூன்று நாளும் மழை என்று வானிலை அறிவிப்பு சொல்லும்போது, லண்டனிலிருந்து வட இங்கிலாந்தின் யார்க் நகருக்குச் செல்லும் நானும் என் மனைவியும் குறைந்த செலவில் எதைப் பார்க்கலாம் என்று சென்ற மாதம் இதே இழையில் கேட்டிருந்தேன். இப்போது சென்று திரும்பிவிட்டோம்.

இருவர் சேர்ந்து பயணிப்பதற்கான ரயில் சலுகை அட்டையைப் பரிந்துரைத்தவர்களுக்கு முதல் நன்றி. கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது; ஆனால் வார நாட்களில் காலை 9.30 மணிக்கு முன் அது செல்லாது என்பதால், திட்டமிட்டிருந்த அதிகாலை வண்டியைக் கைவிட நேர்ந்தது.

முதல் நாள் முழுவதும் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் கழிந்தது. நுழைவுக் கட்டணம் இல்லை. 1938இல் மணிக்கு 126 மைல் வேகத்தை எட்டி, நீராவி எஞ்சின்களில் இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனையைப் படைத்த மல்லார்ட் அங்கே நீல நிறத்தில் பளபளத்துக்கொண்டு நிற்கிறது. ரயில்வே ஊழியரின் மகளான என் மனைவி அதன் பெரிய சக்கரங்களின் அருகிலிருந்து வெகுநேரம் நகரவில்லை.

பழைய நகரைச் சுற்றியுள்ள கோட்டை மதிலின்மேல் நடப்பதும் இலவசம்தான். எனினும் ஈரக் கற்கள் வழுக்கியதாலும், நகரத்தைப் பார்த்த உட்புறத்தில் பல இடங்களில் தடுப்பு இல்லாததாலும் பாதியிலேயே இறங்கிவிட்டோம்.

யார்க் மின்ஸ்டர் பேராலயத்தைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு. மாலை வழிபாட்டில் கலந்துகொள்வோருக்கு இல்லை. நனைந்த மேலாடையோடு அமர்ந்து, பாடகர் குழுவின் குரல்கள் அந்தக் கல் வளைவுகளில் ஏறி ஒலித்ததைக் கேட்டிருந்த பொழுதை, இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த பொழுதாக நாங்கள் இருவருமே கருதுகிறோம்.