ஜூடோவில் பிடி நிற்கவில்லை, என்ன பயிற்சி செய்யலாம்?

மன்னார்குடி 66 கிலோ:
முதல் 2 நிமிடம் நன்றாகப் போகிறது, அப்புறம் முன்கை இறுகி எதிராளியின் காலரை விட்டுவிடுகிறேன். ஜிம்மில் பைசெப்ஸ் மட்டும்தான் சொல்லித் தருகிறார்கள்.

கும்பகோணத்துக்காரன்:
தம்பி, பழைய ஜூடோ டிரஸ்ஸைக் கம்பியில் போட்டு, காலரைப் பிடித்துத் தொங்கு, பழகியதும் அதிலேயே புல்-அப் எடு. தடித்த துண்டும் போதும். வாரம் 2 நாள் ஸ்குவாட், டெட்லிஃப்ட் விடாதே, தூக்கி எறியும் வலு இடுப்பிலும் காலிலும்தான் இருக்கிறது.

தஞ்சாவூர் ஜூடோ:
பிடி மட்டும் காரணமில்லை. சீனியர் ஆட்டம் 4 நிமிடம், சமநிலையாகி கோல்டன் ஸ்கோர் (முதலில் புள்ளி எடுப்பவர் ஜெயிக்கும் கூடுதல் நேரம்) போனால் நேர வரம்பே கிடையாது. ஆற்று மணலில் ஓடுவது நல்லதுதான், ஆனால் 20 விநாடி வேகமாக உச்சிகோமி (எதிராளியை எறியாமல், எறியப் போகும் அசைவை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வது), 10 விநாடி ஓய்வு, இப்படி 8 சுற்று போய்ப் பாருங்கள்.

மன்னார்குடி 66 கிலோ:
சரி அண்ணா, துண்டில் நாளைக் காலையே தொடங்குகிறேன்.