25 குதிரைத்திறன் டிராக்டர்: கியரா, ஹைட்ரோவா?

செம்மண்:

வணக்கம். வட கரோலினாவில் ராலேயிலிருந்து ஒரு மணி நேரம் மேற்கே, போன வருடம் 7 ஏக்கர் வாங்கிக் குடிவந்திருக்கிறோம். 3 ஏக்கர் புல்வெளி, 2 ஏக்கர் பைன் மரக்காடு, மீதியெல்லாம் புதர் மண்டிக் கிடக்கும் சரிவு. சாலையிலிருந்து வீட்டுக்கு வரும் சரளைப் பாதை 400 அடி இருக்கும், ஒவ்வொரு பெரிய மழைக்கும் அரித்துக்கொண்டு போய்விடுகிறது. மண்ணைப் பார்த்தால் எங்கள் திண்டுக்கல் பக்கத்துச் செம்மண் போலத்தான் இருக்கிறது, ஆனால் ஈரத்தில் கால் வைத்தால் செருப்போடு பிடித்துக்கொள்கிறது, காய்ந்துவிட்டால் செங்கல். அதில் அரை ஏக்கர் ஒதுக்கி வெண்டை, கத்தரி, அவரை போட ஆசை.

25 குதிரைத்திறன், முன்னால் பக்கெட்டால் அள்ளும் லோடர், நான்கு சக்கர ஓட்டம், இதுவரை முடிவாகிவிட்டது. குழப்பம் எல்லாம் கியரா, எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும் ஹைட்ரோஸ்டேட்டிக்கா (சுருக்கமாக ஹைட்ரோ) என்பதில்தான். பதினைந்து வயதில் அப்பாவின் மாஸி 1035-இல் ஓட்டப் பழகியவன் நான். கிளட்ச், கியர், கை ஆக்ஸிலேட்டர் எல்லாம் இன்னும் கைகாலுக்கு நினைவிருக்கிறது. இங்கே டீலரிடம் நிற்பவை பெரும்பாலும் ஹைட்ரோ வண்டிகள், கியர் வேண்டுமென்றால் வரவழைத்துத் தருகிறேன் என்கிறார். எனக்குச் சொன்ன விலையில் கியர் வண்டி ஆயிரம் டாலருக்குக் கொஞ்சம் மேலே குறைவு. அப்பாவிடம் போனில் சொன்னேன். "எண்ணெயை நம்பி வண்டி வாங்குவியா, பல்லோட பல்லு கடிச்சு ஓடுறதுதாண்டா வண்டி" என்கிறார்.

பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் பழைய ஃபோர்டு 8என் டிராக்டர் ஒன்றை மிகக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார், அதுவும் மனதில் ஓடுகிறது. என் மனைவியும் ஓட்டுவார், அவர் இதுவரை டிராக்டரைத் தொட்டதில்லை. உண்மையில் வைத்து ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள், ஹைட்ரோவில் எவ்வளவு பலம் போகிறது, பத்து வருடம் கழித்து என்ன செலவு வைக்கும்?

---

மேப்பிள்தோட்டம்:

தம்பி, நான் ஒன்டாரியோவில் இருக்கிறேன். முதலில் 9 வருடம் கியர் வண்டி, இப்போது 6 வருடமாக ஹைட்ரோ.

நீங்கள் எழுதிய வேலைகளை வைத்தே சொல்கிறேன். பாதைக்குச் சரளை போடுவது என்றால் குவியலில் பக்கெட்டைக் குத்தி அள்ளி, பின்னால் வந்து, திருப்பி, முன்னால் போய், கொட்டி, மறுபடி பின்னால். ஒரு லாரிச் சரளையைப் பரப்பி முடிப்பதற்குள் நூறு தடவைக்கு மேல் முன்னும் பின்னும் போக வேண்டியிருக்கும், கியர் வண்டியில் அத்தனை தடவையும் இடது கால் கிளட்சில், ஒரு கை முன்னும் பின்னும் மாற்றும் ஷட்டில் லீவரில், இன்னொரு கை ஸ்டியரிங்கில், லோடர் லீவருக்கு மூன்றாவது கை கிடையாது. ஹைட்ரோவில் வலது கால் பெடலை அழுத்தினால் முன்னே, மறுபக்கம் அழுத்தினால் பின்னே, காலை எடுத்தால் வேகம் தானே குறைந்து நின்றுவிடும். இடது கை ஸ்டியரிங்கில், வலது கை லோடரில்.

பனியிலும் இதே கதைதான். பனியை வாரி வீசும் ஸ்னோ ப்ளோயர் ஓடும்போது பி.டி.ஓ. (எஞ்சின் பலத்தைக் கருவிக்குக் கொடுக்கும் சுழல் தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்றிலேயே இருக்க வேண்டும், ஆனால் பனி ஓரிடத்தில் கணுக்கால் அளவு இருக்கும், நாலடி தள்ளி இடுப்பளவு குவிந்திருக்கும். எஞ்சினைத் தொடாமல் சக்கர வேகத்தை மட்டும் ஆமை வேகத்துக்கு இறக்க முடிகிறது பாருங்கள், அந்த ஒன்றுக்காகவே நான் மாறினேன். என் பழைய வண்டியில் கிளட்ச் இரண்டு நிலை. பாதி மிதித்தால் வண்டி நிற்கும், முழுதாக மிதித்தால் பி.டி.ஓ.வும் நின்றுவிடும். குளிரில் தடித்த பூட்ஸ் போட்ட காலுக்குப் பாதி எது முழுது எது என்று தெரியாது, ப்ளோயர் நடுவில் நின்று பனி அடைத்துக்கொள்ளும், இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டும்.

கியரில் பழகியவர்கள் ஹைட்ரோவில் ஏறியதும் செய்யும் தப்பு ஒன்று உண்டு, நானும் முதல் மாதம் முழுக்கச் செய்தேன். மேட்டில் வண்டி திணறினால் பெடலை இன்னும் அழுத்துவோம். அது தலைகீழ். உள்ளே பம்பில் ஒரு சாய்வுத் தட்டு இருக்கிறது, பெடல் அழுத்த அழுத்த அது சாய்ந்து ஒவ்வொரு சுற்றுக்கும் அதிக எண்ணெயை மோட்டாருக்குத் தள்ளும், வேகம் கூடும், இழுக்கும் பலம் குறையும். பெடலை முழுக்க அழுத்துவது டாப் கியர் போட்டு மேடு ஏறுவது மாதிரிதான். "ஙீ" என்று ஒரு அழுகைச் சத்தம் வந்தால் உடனே காலைத் தளர்த்துங்கள், ஹை, லோ மாற்றும் ரேஞ்ச் லீவரைக் குறைந்த வேகத்துக்கு இறக்குங்கள், அதே மேட்டில் சத்தமில்லாமல் ஏறும். இது தெரியாமல்தான் பலர் "ஹைட்ரோவில் பலமே இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

---

டெக்ஸாஸ் வைக்கோல்:

அண்ணன் சொன்னதில் லோடர் வேலைக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் பலம் குறையவே இல்லை என்கிற மாதிரி படித்துவிட வேண்டாம். பல்லோடு பல் ஓடுவதை விட எண்ணெய் வழியாகப் போகும் பலத்தில் கொஞ்சம் சூடாகப் போய்விடும், அது இயற்கை. கணக்கு வேண்டுமென்றால் குபோட்டா எல் 2501 எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே எஞ்சின்தான், கியர் வண்டியில் பி.டி.ஓ.வுக்கு 20.5 குதிரைத்திறன், ஹைட்ரோவில் 19. பெரிய வண்டியில் ஒன்றரை போனால் தெரியாது, 25-க்குள் இருக்கும் வண்டியில் தெரியும். (25-க்கு மேல் போனால் அமெரிக்கப் புகை விதிகள் கடுமையாகி, புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் ஃபில்டர் பெரும்பாலும் வந்துவிடும். அதனால்தான் இத்தனை வண்டிகள் 24 சொச்சத்தில் நிற்கின்றன. அந்தச் சின்னத் தொந்தரவு வேண்டாம் என்றால் 25-க்குள் இருப்பதே சரி.)

எனக்கு 40 ஏக்கர், பெர்முடா புல் வளர்த்து வைக்கோல் கட்டுகிறேன், வண்டி 45 குதிரைத்திறன் கியர். காலையில் ஒரு கியரைப் போட்டு கை ஆக்ஸிலேட்டரை வைத்தால் மதியம் வரை நேர்க்கோட்டில் போய்க்கொண்டே இருப்பேன். டிஸ்க் கலப்பை இழுக்கும்போது வேகம் கூடாமல் குறையாமல் பிடித்துப் போவதில் கியருக்கு இணை கிடையாது. ஹைட்ரோவில் வேகத்தைப் பிடித்து வைக்கும் க்ரூஸ் இருக்கிறது என்பார்கள், இருக்கிறது, ஆனால் மண் இறுகிய இடத்தில் எஞ்சின் மூச்சு வாங்குவதை இருக்கையிலேயே உணர்கிறேனே, அந்த நேரடித் தொடர்பு எனக்கு வேண்டும். உங்கள் அப்பா சொல்வதும் இதைத்தான். அவர் உழுகிறவர், அவர் வேலைக்கு அவர் சொல்வது முழுக்கச் சரி.

உங்கள் அரை ஏக்கர் காய்கறிக்கு உழவு என்பது வருடத்தில் இரண்டு நாள். மீதி நாள் முழுக்க புல், சரளை, மரக்கட்டை. அதனால் கியர்க்காரனான நானே உங்களுக்கு ஹைட்ரோ என்கிறேன்.

ஆனால் நான் எழுத வந்தது அந்த 8என் பற்றி. அது 1947 முதல் 1952 வரை வந்த வண்டி. அழகான வண்டிதான், என் மாமனாரிடம் ஒன்று இருந்தது. கவிழ்ந்தால் காப்பாற்றும் கம்பிச் சட்டம் அதில் கிடையாது. பி.டி.ஓ. தனியாக ஓடாது, கிளட்சுக்குப் பின்னால் கியர்பெட்டியோடு பிணைந்தது. அதில் புதர் வெட்டும் ரோட்டரி கட்டரை மாட்டினால், நீங்கள் கிளட்சை மிதித்த பிறகும் சுழலும் கத்தியின் வேகம் பி.டி.ஓ. வழியாகத் திரும்பி வந்து சக்கரத்தைத் தள்ளும். மாமனார் வண்டியில் எனக்கே நடந்தது, வேலியைப் பார்த்துக் கிளட்சையும் மிதித்துவிட்டேன், வண்டி நிற்கவில்லை, ஒரு மரத்தில் மோதி நின்றது. ஓவர்ரன்னிங் கப்ளர் என்று ஒரு சின்ன சாமான் போட்டால் அது சரியாகும், கவிழ்வதற்கு அதில் மருந்தில்லை. சரிவு நிலத்தில் டிராக்டரே தொடாத ஒருவர் ஓட்டப் போகிறார் என்றால் அதை வாங்கவே வாங்காதீர்கள்.

---

வெண்ணாறு:

மன்னார்குடி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்க் கடைகளில் சின்ன டிராக்டர் என்றால் கியர்தான் நிற்கும். ஆனால் ஹைட்ரோ எங்களுக்குப் புதிதில்லை. தை மாதம் சம்பா அறுக்க வரும் பெல்ட் வண்டி அதில்தான் ஓடுகிறது, நடவு மிஷினிலும் அதுதான். ஆறு வருடம் ஒரு பெல்ட் வண்டி வைத்து வாடகைக்கு ஓட்டினேன், அதனால் செலவு பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கியர்பெட்டி மன்னிக்கும், ஹைட்ரோ மன்னிக்காது. கியர்பெட்டியில் எண்ணெய் கொஞ்சம் கருத்தாலும் ஓடும், பல் போனால் சத்தம் போட்டுச் சொல்லும், ஊரிலேயே பிரித்து மாட்ட ஆள் இருக்கிறார்கள். ஹைட்ரோ பம்புக்குள் பிஸ்டனுக்கும் உருளைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி கண்ணுக்கே தெரியாது, அதில் தூசி போனால் உரசும், உரசினால் அழுத்தம் நிற்காது, அழுத்தம் நிற்காவிட்டால் சூடு, சூடானால் எண்ணெய் தண்ணீர் மாதிரி இளகி இன்னும் கசியும். காலையில் நன்றாக ஓடி, பதினொரு மணிக்கு மேல் இழுக்க மாட்டேன் என்றால் பம்பு போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். என் வண்டிக்கு அதுதான் நடந்தது. டிரைவர் ரேடியேட்டர் வலையில் அடைத்த வைக்கோல் தூசியை ஊதாமலே மூன்று நாள் ஓட்டியிருக்கிறார், அதற்கு முந்தைய வருடம் விலை குறைவென்று நானே வேறு எண்ணெய் ஊற்றியிருந்தேன். பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் பம்பைத் திறக்கவே இல்லை, முழு செட்டாக மாற்றச் சொன்னார்கள். அந்த சீசன் வாடகை அதோடு போனது, அறுவடை நேரத்தில் சொன்ன வயல்களுக்குப் போக முடியாமல் நின்றதுதான் அதைவிட வலி.

அதனால் கையேட்டில் சொன்ன எண்ணெயையே ஊற்றுங்கள். முதல் 50 மணி நேரத்தில் வரும் ஃபில்டர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள், புது வண்டியில் உதிரும் இரும்புத்தூள் எல்லாம் அப்போதுதான் அதில் நிற்கும். எண்ணெய் மூடியைத் திறக்குமுன் சுற்றிலும் துணியால் துடைத்துவிடுங்கள். இவ்வளவு செய்தால் வீட்டு உபயோகத்துக்கு வருடம் நூறு மணி ஓடும் வண்டிக்கு ஒன்றும் ஆகாது.

இன்னொன்று, பேட்டரி இறங்கினால் மாஸியைத் தள்ளிவிட்டு ஸ்டார்ட் செய்வோமே, அது இதில் நடக்காது. சக்கரம் சுற்றினால் எஞ்சின் சுற்றாது.

---

செம்மண்:

மூவருக்கும் நன்றி. 8என் வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். இப்போது என் மனதில் நிற்பது சரிவு மட்டும்தான். கியர் வண்டியை முதல் கியரில் போட்டு இறக்கினால் எஞ்சினே பிடித்துக்கொள்ளும் என்ற தைரியம் எனக்கு உண்டு. ஹைட்ரோவில் இறக்கத்தில் என்ன ஆகும்?

---

ஆட்டுக்குட்டி:

நான் வர்ஜீனியா மலைப்பக்கம், 11 ஏக்கர், பன்னிரண்டு ஆடு. எங்கள் வீட்டில் டிராக்டர் ஓட்டுகிறவள் நான்தான், என் கணவர் அல்ல, அதனால் உங்கள் மனைவிக்காகவும் எழுதுகிறேன். கியர் வண்டியில் ஒரு வாரம் பழகினேன், இடது முழங்கால் ஏற்கெனவே பழுது, கிளட்சு மிதித்து மிதித்து வீங்கிப்போனது. ஹைட்ரோவில் அரை மணியில் ஓட்டிவிட்டேன்.

இறக்கத்தில் லோ ரேஞ்சில் போனால் ஹைட்ரோவும் பிடித்துக்கொள்ளும். காலைத் தளர்த்தத் தளர்த்த வேகம் இறங்கும், நிறைய நேரம் பிரேக்கே தேவைப்படாது. ஆனால் ரேஞ்ச் லீவர் நியூட்ரலுக்கு வந்துவிட்டால் அந்தப் பிடிப்பு ஒரேயடியாகப் போய்விடும், வண்டி வெறும் சக்கரத்தில் நிற்கிற பாரம்தான். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பாதிச் சரிவில் நின்று, ஹை ரேஞ்சிலிருந்து லோவுக்கு மாற்றலாம் என்று பிரேக்கில் கால் வைக்காமல் லீவரை இழுத்தேன். நடுவில் நியூட்ரலைத் தாண்டும் அந்த ஒரு நொடியில் உருள ஆரம்பித்துவிட்டது, உருளும்போது லோ விழவும் மாட்டேன் என்றது. பக்கெட் நிறையச் சாணம் வேறு, அதையும் இடுப்பளவு உயரத்தில் தூக்கி வைத்திருந்தேன். பிரேக்கைத் தேடி மிதிப்பதற்குள் இருபதடி போய் ஆட்டு வேலியை உடைத்தது. அன்றைக்கு ஆடுகள் அந்தப் பக்கம் இல்லை.

அதனால் சரிவுக்குள் இறங்குமுன் சமதளத்திலேயே லோ போட்டுவிடுங்கள். பக்கெட்டைத் தரையோடு ஒட்டி வையுங்கள். நான்கு சக்கரமும் போட்டிருக்க வேண்டும், பிரேக் பின் சக்கரத்தில்தான் பிடிக்கும், லோடர் பாரத்தில் பின் சக்கரம் லேசாகிவிட்டால் நான்கு சக்கர ஓட்டம்தான் முன் டயரையும் சேர்த்து நிறுத்தும். நிறுத்திவிட்டு இறங்கினால் கைப் பிரேக் கட்டாயம், உள்ளே எண்ணெய் மெல்லக் கசிவதால் ஹைட்ரோ சரிவில் தானே நகரும். சீட் பெல்ட் போடுங்கள், கம்பிச் சட்டத்தை மடக்கி வைக்காதீர்கள்.

பெடலையும் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். குபோட்டாவில் ஒரே பெடல், முன்பாதத்தால் முன்னே, குதிகாலால் பின்னே. ஜான் டீரில் முன்னுக்கும் பின்னுக்கும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெடல். எனக்குக் குதிகால் முறை கணுக்காலை வலித்தது, என் தங்கைக்கு அதுதான் பிடித்தது.

---

செம்மண்:

சனிக்கிழமை இருவருமாகப் போய் இரண்டு டீலரிடம் ஓட்டிப் பார்த்தோம். சரளைக் குவியலில் லோடரோடு என்னைப் பத்து நிமிடம் விட்டார்கள், கியர் வண்டியில் என் கால்கள் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தன, ஆனால் அதே நேரத்தில் ஹைட்ரோவில் இரண்டு பக்கெட் கூடுதலாக அள்ளிவிட்டேன். மேட்டில் வேண்டுமென்றே பெடலை முழுக்க அழுத்திப் பார்த்தேன், அந்த அழுகைச் சத்தம் வந்தது, காலைத் தளர்த்தினேன், ஏறிவிட்டது. என் மனைவி மூன்றாவது சுற்றிலேயே என்னைக் கீழே இறக்கிவிட்டுத் தனியாக ஓட்டினார். அவருக்கு இரண்டு பெடல் முறை பிடித்திருக்கிறது, எனக்கும் அதில் குறை தெரியவில்லை.

ஹைட்ரோவுக்கு முன்பணம் கொடுத்துவிட்டோம். அப்பாவிடம் வெண்ணாறு அண்ணன் எழுதியதைப் படித்துக் காட்டினேன். பெல்ட் வண்டியும் இதில்தான் ஓடுகிறது என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ எண்ணெயை மட்டும் பாத்துக்க" என்றார்.

வண்டி வர மூன்று வாரம் ஆகுமாம். பின் டயரில் பாரத்துக்கு என்ன நிரப்பியிருக்கிறீர்கள்? இங்கே ஜனவரியில் தண்ணீர் உறையும், அதனால் வெறும் தண்ணீர் சரிவராது.