ஆய்வறிக்கையில் அளவைக் குறைத்து எழுதச் சொன்னால் என்ன செய்வது?

கேள்வி:
தருமபுரியில் தனியார் குடிநீர்ப் பரிசோதனைக் கூடமொன்றில் பணிபுரிகிறேன். பென்னாகரம் பக்கம் ஒரு மனைப் பிரிவின் போர்வெல் தண்ணீரில் புளோரைடு லிட்டருக்கு 2.6 மில்லிகிராம் இருந்தது. மறுபடி சோதித்தும் அதே அளவுதான். மனை விற்பவர் நெடுநாள் வாடிக்கையாளர் என்பதால், 1.4 என்று எழுதிக் கையெழுத்திடுமாறு முதலாளி வற்புறுத்துகிறார். வேலை போனால் வீட்டுக் கடன் தவணை நின்றுவிடும். என்ன செய்யலாம்?

பதில் 1:
தம்பி, கையெழுத்திடாதீர்கள். இந்தியத் தர நிர்ணயப்படி ஏற்கத்தக்க அளவு 1.0, வேறு நீராதாரம் இல்லாதபோதுதான் 1.5 வரை அனுமதி. புளோரைடுக்கு நிறமோ வாசனையோ இல்லை, கொதிக்க வைத்தாலும் போகாது என்பதால், மனை வாங்கும் குடும்பத்துக்கு உங்கள் அறிக்கையைத் தவிர வேறு சாட்சி கிடையாது. புளோரைடு மிகுந்த தண்ணீரைக் குடித்துப் பல்லில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகளை நம் மாவட்டத்தில் பார்க்காதவர் யார்? காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காகத்தானே வந்தது!

பதில் 2:
அண்ணன் சொல்வது சரி; ஆனால் தவணையும் உண்மைதான். முதலில் இரண்டு அளவீடுகளையும் தேதியோடு பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். பிறகு, ஒகேனக்கல் குடிநீர் இணைப்புக்கு விண்ணப்பிக்குமாறு மனை விற்பவரிடம் சொல்லலாமே என்று முதலாளியிடம் தனியாகப் பேசிப் பாருங்கள். அதற்கும் இணங்காவிட்டால், ஓசூர்ப் பக்கம் வேலை தேடத் தொடங்குங்கள். அதுவரை அந்த அறிக்கையில் உங்கள் பெயர் வர வேண்டாம்.