மாடு தானாக நடந்து வந்து கறக்கும் கொட்டில்: பார்த்தவர்கள், பழகியவர்கள் எழுதுங்கள்

தம்பலகாமத்தான்:

டென்மார்க்கில் ரோபோ கறக்கும் பண்ணை ஒன்றில் வேலை செய்தேன். ஊருக்கு வந்தால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான், மெசின் எப்படிக் காம்பைக் கண்டுபிடிக்குது என்று. அதை லேசரும் கமராவும் பார்த்துக்கொள்ளும். மாட்டை மெசினடிக்கு வரவைப்பதுதான் பண்ணைக்காரனுக்குத் தலையிடி.

ஒரு ரோபோவுக்கு ஏறக்குறைய 60 மாடு. ஒரு மாடு உள்ளே போய் வெளியே வர 7, 8 நிமிடம் பிடிக்கும். ஒவ்வொன்றும் நாளுக்கு இரண்டு, மூன்று தடவை வரவேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், மெசின் 18, 19 மணித்தியாலம் ஓடவேண்டும். விடியற்காலை எல்லாம் ஒன்றாக வந்து நின்றால் கதை முடிந்தது. ராப்பகலாக ஒவ்வொன்றாக வரவேண்டும்.

மடி கனத்தால் தானாக வரும் என்று நினைப்போம். அதற்காக வருகிற மாடு குறைவு. கறக்கும் நேரத்தில் பெட்டிக்குள் விழும் அடர்தீனுக்குத்தான், அதாவது சத்துக் கூடின தீனுக்குத்தான் வரும். அதனால் தீன் மேசையில் சத்தைக் கூட்டிப் போட்டால் மாடு அங்கேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு படுத்துவிடும். கறந்து கொஞ்ச நேரத்தில் திரும்ப வருகிற கள்ளிகளும் உண்டு. கழுத்துப் பட்டியில் இருக்கிற சிப்பைப் பார்த்து, தீன் போடாமல் மெசின் கதவைத் திறந்து அனுப்பிவிடும்.

நான் போன காலத்தில் அங்கே ஒருவழிக் கேற் வைத்திருந்தார்கள். படுக்கையில் இருந்து தீன் மேசைக்குப் போகவேண்டுமென்றால் ஒரு தெரிவுக் கேற்றைத் தாண்டவேண்டும். கறக்க நேரம் வந்த மாட்டை அது காத்திருக்கும் பட்டிக்குள் திருப்பிவிடும். தாளில் பார்த்தால் திறம், தேடிப்போய்ச் சாய்த்துவர, அதாவது ஓட்டிவர வேண்டிய மாடு குறைவு. ஆனால் அந்தப் பட்டிக்குள் நாகுகள், அதுதான் இளம் மாடுகள், பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பெரிய மாடு வாசலை மறித்துக்கொள்ளும், சின்னது பின்னால் மணிக்கணக்கில் காங்கிரீற்றில் நிற்கும். படுக்கிற நேரம் குறைந்தால் குளம்பு கெடும். குளம்பு நொந்த மாடு பிறகு மெசின் பக்கமே வராது.

கடைசியில் முதலாளி கேற்றுகளைக் கழற்றி, மாடு விரும்பின இடத்துக்குப் போகட்டும் என்று விட்டார். முதலில் சாய்க்கும் வேலை கூடியது, உண்மைதான். மெசினுக்கு முன்னால் 6 மீற்றர் வெளியாக விட்டபிறகு நாகுகள் ஒதுங்கி நின்று, இடம் பார்த்து நுழையப் பழகின. ஒரு கறுத்த மாடு கறந்து முடித்ததும் வெளிவாசலிலேயே நின்று ஊரை விசாரிக்கும். ஊர்த் தலைமைக்காரர் மாதிரி என்று அதற்கு நான் வைத்த பெயர் விதானை. அது நகராவிட்டால் உள்ளே இருக்கிற மாடு வெளியே வரமுடியாது. வெளிவாசலில் நீளமாக ஒரு தடுப்பு வேலி போட்டதும்தான் விதானையின் விசாரணை நின்றது.

இன்னொன்று. கறக்காமல் 12 மணித்தியாலம் தாண்டின மாடுகளைக் கணினி பட்டியல் போட்டுத் தரும். அவற்றைப் பெட்டிக்குள் தள்ளி ஏற்றக்கூடாது. ஏற்றினால் அடுத்தநாளும் ஆள் வரட்டும் என்று படுத்திருக்கும். மெசினுக்கு முன்னால் விட்டுவிட்டு நாங்கள் போய்விடவேண்டும்.

கிண்ணியா நானா:

தம்பி, வாப்பாவின் பட்டியில் அடர்தீனும் இல்லை, சிப்பும் இல்லை. இழுத்துக்கொண்டு வந்தது கன்று. பெரும்போகத்தில் வயல் விதைத்ததும் மாடுகளைக் காட்டுப்பக்கம் கொண்டுபோவோம். கன்றுகள் பட்டிக்குள் நிற்கும். பொழுது சாய்ந்தால் தாய் கத்திக்கொண்டு வந்துவிடும், யாரும் சாய்க்கத் தேவையில்லை. டென்மார்க்கில் கன்றைப் பிறந்த கையோடு பிரித்துவிடுகிறார்கள், அதனால் தீனைக் காட்டுகிறார்கள். எருமை கதை வேறு. குளத்தில் இறங்கிவிட்டால் கன்று கத்தினாலும் அது நினைத்த நேரம்தான் ஏறும்.

கந்தளாய் அக்கா:

என்னிடம் ரோபோ இல்லை, சில ஜேர்சிக் கலப்புகள்தான். ஆனாலும் தம்பி சொன்ன மறிப்பு இங்கேயும் இருக்கிறது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நிழலும் தண்ணீரும் ஒரே மூலையில் இருந்தால் மூத்த மாடு இரண்டையும் பிடித்துக்கொள்ளும், பயந்த மாட்டின் பால் குறைந்துவிடும். எதிர்மூலையில் இன்னொரு தொட்டி கட்டினேன், நெரிசல் தீர்ந்தது. ரோபோக் கொட்டிலிலும் வெக்கை கூடினால் வரவு குறையுமா? அப்புறம் அந்த ஒருவழிக் கேற்றை இங்கே செய்யலாமா?

தம்பலகாமத்தான்:

குறையும் அக்கா, அதுக்காகத்தான் மெசின் முன்னால் பெரிய விசிறி போடுவார்கள். நானா சொன்னதும் சரி. கன்று ஊட்டாமல் பால் இறக்காத, ஒன்றிரண்டு லீற்றர் தருகிற நாட்டு மாட்டுக்கு ரோபோ காசைக் கரியாக்கும் வேலை.

ஒருவழிக் கேற்றுக்கு மின்சாரமே வேண்டாம், வெல்டிங் கடையில் செய்யலாம். இரண்டு பக்கமும் இருந்து தொங்கும் வளைந்த குழாய்கள், மாடு நெஞ்சால் தள்ளினால் முன்னுக்குத் திறக்கும், பின்னுக்கு வராது. முதல் சில நாள் கயிற்றால் கட்டித் திறந்தே வையுங்கள். நடந்து பழகின பிறகு ஒரு பக்கத்தை அவிழ்த்துவிடுங்கள், மற்றப் பக்கத்தைப் பிறகு பார்க்கலாம்.