சிறிய திறமூலத் திட்டத்தில் இரு பராமரிப்பாளர்களுக்கு இடையே பிணக்கு: மூன்றாமவர் என்ன செய்யலாம்?

கேள்வி

வணக்கம். ஆவணக் கோப்புகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும் சிறிய திறமூல (யாரும் பார்த்து மாற்றக்கூடிய) லைப்ரரி, அதாவது மற்ற நிரல்கள் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு, ஒன்றில் ஐவர் உழைக்கிறோம். அதைப் பராமரிக்கும் மூவரில் நானும் ஒருவன். மற்ற இரு பராமரிப்பாளர்களில் ஒருவர் திட்டத்தைத் தொடங்கியவர். கோப்பைப் படித்துப் பகுத்தறியும் பகுதியான பார்சர் முழுவதும் அவர் எழுதியது. இன்னொருவர் ஒன்றரை ஆண்டுக்கு முன் சேர்ந்தவர். கடந்த ஓராண்டில் தீர்ந்த இஷ்யூக்களில் (பதிவான சிக்கல்களில்) பெரும்பாலானவற்றைத் தீர்த்தவர் அவரே. அவர் பார்சரை அடியோடு மாற்றி எழுதி, ஏறத்தாழ 2,000 வரிகள் கொண்ட புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்) ஒன்றை அனுப்பினார். தொடங்கியவர் ஆறு வாரங்கள் பதிலே சொல்லவில்லை. பிறகு ஒரே நாளில், மாறிகளின் பெயர், வரி இடைவெளி ஆகியவற்றைப் பற்றி மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட குறிப்புகளை எழுதினார். வடிவமைப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பொறுமை இழந்த புதியவர் அதைத் தாமே மெர்ஜ் செய்தார், அதாவது முதன்மை நிரலில் சேர்த்தார். மறுநாளே அது ரிவெர்ட் செய்யப்பட்டது, அதாவது நீக்கப்பட்டு நிரல் பழைய நிலைக்குத் திரும்பியது. "இந்த ரெப்போ (நிரல் களஞ்சியம்) உங்கள் தனிச் சொத்தா?" என்று புதியவர் எல்லோர் முன்னிலையிலும் கேட்க, அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை.

இருவர் மீதும் எனக்கு மதிப்பு உண்டு. யார் பக்கம் சாய்ந்தாலும் மற்றவரை இழந்துவிடுவேனோ என்று அஞ்சுகிறேன். எங்களிடம் நடத்தை விதிக் கோப்பு ஒன்று இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டிப் பேசலாமா, அல்லது நானே ஒரு முடிவை எடுத்து அறிவித்துவிடலாமா?

பதில் 1

இப்போதைக்கு எந்த முடிவையும் அறிவிக்காதீர்கள். முதலில் அந்தப் புல் ரிக்வெஸ்டின் உரையாடலைத் தற்காலிகமாகப் பூட்டுங்கள். நிரல்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் அதற்கு வசதி இருக்கிறது. பூட்டுவதற்கு முன், இது யாருக்கும் எதிரான நடவடிக்கை அல்ல என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். பார்வையாளர்கள் இருக்கும் இடத்தில் யாரும் தம் நிலையிலிருந்து இறங்கி வர மாட்டார்கள்.

அடுத்து இருவரிடமும் தனித்தனியே, முடிந்தால் குரல் வழியே பேசுங்கள். யார் சரி என்று கேட்க வேண்டாம். தொடங்கியவரிடம், "எவை நிறைவேறினால் இந்த மாற்றத்தை ஏற்பீர்கள்?" என்று கேளுங்கள். புதியவரிடம், "அந்த ஆறு வாரங்களை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?" என்று கேளுங்கள். நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது, சண்டையின் வேர் பார்சரில் இல்லை, அந்த மௌனத்தில் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. மாதக்கணக்கில் உழைத்த ஒருவருக்குப் பதில் வராதபோது, அதை நேரமின்மை என்று அவர் எடுத்துக்கொள்வதில்லை, அவமதிப்பு என்றே எடுத்துக்கொள்கிறார்.

பதில் 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பேச்சு மட்டும் போதாது. இருவரும் சமாதானமானாலும், அடுத்த பெரிய மாற்றம் வரும்போது இதே இடத்தில் மீண்டும் முட்டிக்கொள்வார்கள். ஏனெனில் கருத்து வேறுபட்டால் முடிவெடுப்பவர் யார் என்பது உங்கள் திட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை. தொடங்கியவர் அது தம் உரிமை என நினைத்திருக்கிறார். புதியவரோ உழைப்பவருக்கே அது உரியது என நினைத்திருக்கிறார். இரண்டுமே நியாயமான எண்ணங்கள்தாம்.

அப்பாச்சி என்ற திறமூல அமைப்பின் திட்டங்களில் நடைமுறையில் உள்ள ஒரு விதி இங்கே பொருந்தும். அங்கே வாக்குரிமை உள்ள ஒருவர் ஒரு நிரல் மாற்றத்துக்கு −1 (எதிர்ப்பு) என்று வாக்களித்தால் அந்த மாற்றம் நின்றுவிடும். ஆனால் தகுந்த தொழில்நுட்பக் காரணம் தராத மறுப்பு செல்லாது. வாக்கெடுப்புகளுக்குப் பொதுவாகக் குறைந்தது 72 மணி நேரம் தருகிறார்கள். எதிர்ப்பே வராவிட்டால் ஒப்புதல் என்று கொள்ளும் வழக்கமும் உண்டு. ஓய்வு நேரத்தில் உழைக்கும் உங்களுக்கு 72 மணி நேரம் மிகக் குறைவு. இரண்டு வாரம் என்று வையுங்கள். மறுக்கலாம், ஆனால் காரணத்தோடு மறுக்க வேண்டும், காலவரம்புக்குள் மறுக்க வேண்டும்: இதைப் பங்களிப்பு வழிகாட்டியில் எழுதினால் ஆறு வார மௌனத்துக்கும் இடமில்லை, தானே மெர்ஜ் செய்வதற்கும் தேவையில்லை.

எழுதி வைக்காததன் சுமை பெரிய திட்டங்களையும் வருத்தியிருக்கிறது. பைத்தான் நிரல் மொழியில் பெப் 572 என்ற மாற்ற முன்மொழிவு குறித்த கசப்பான விவாதத்துக்குப் பின், 2018 ஜூலையில் அம்மொழியை உருவாக்கிய குவிடோ வான் ரோசம் இறுதி முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்து முடிவெடுப்பவர் யார் என்பதற்கு விதி இல்லாததால், பங்களிப்பாளர்கள் பல மாதங்கள் விவாதித்து, அந்த ஆண்டு டிசம்பரில் ஐவர் கொண்ட வழிநடத்தும் குழு என்ற முறையை வாக்கெடுத்துத் தேர்ந்தார்கள். ஐந்தே பேர் உள்ள உங்களுக்குக் குழு வேண்டாம்; நான்கு வரி விதி போதும்.

கேள்வி கேட்டவர்

இருவரிடமும் பேசினேன். தொடங்கியவர் சொன்னது எனக்குத் தெரியாத செய்தி. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் இதே போன்ற பெரிய மாற்றத்தைச் சேர்த்துவிட்டு மறைந்துபோக, அதன் பிழைகளை இவர் ஒருவரே பல மாதங்கள் திருத்தியிருக்கிறார். அந்த அச்சத்தைச் சொல்லத் தயங்கியே இடைவெளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். புதியவர் இதைக் கேட்டதும் சற்றுத் தணிந்தார். எனினும் ஃபோர்க் செய்யும், அதாவது நிரலைப் பிரதியெடுத்துத் தனித் திட்டமாக நடத்தும், எண்ணத்தை அவர் இன்னும் கைவிடவில்லை.

பதில் 3

ஃபோர்க் என்றாலே துரோகம் என்று பார்க்க வேண்டியதில்லை. நிரலை இயந்திர மொழியாக்கும் ஜிசிசி கம்பைலரிலிருந்து 1997இல் பிரிந்த ஈஜிசிஎஸ், 1999இல் அதிகாரபூர்வ ஜிசிசியாகவே ஏற்கப்பட்டது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை உலாவிக்கு வெளியே இயக்கும் நோட் ஜேஎஸ்ஸிலிருந்து 2014 டிசம்பரில் பிரிந்த ஐஓ ஜேஎஸ், 2015 செப்டம்பரில் வெளியான நோட் 4.0இல் மீண்டும் ஒன்றானது. ஆனால் அவற்றில் இரு பக்கமும் உழைக்கப் போதிய ஆட்கள் இருந்தார்கள். ஐவர் இரண்டாகப் பிரிந்தால் பாதுகாப்புப் பிழை ஒன்றைத் திருத்தக்கூட ஆளில்லாமல் போகும். ஆகவே அதே ரெப்போவில் புதியவருக்குத் தனிக் கிளை (முதன்மை நிரலைத் தொடாமல் வேலை செய்யும் பிரதி) ஒன்றைத் தாருங்கள். 2,000 வரிகளையும் ஒரே மூச்சில் படிக்கச் சொல்லாமல், தனித்தனியே சோதிக்கக்கூடிய சிறு துண்டுகளாக அவர் பிரித்து அனுப்பட்டும். சேர்ந்த பிறகு ஆறு மாதம் பார்சர் பிழைகளுக்குத் தாமே பொறுப்பேற்பதாக அவர் எழுதித் தந்தால், மற்றவரின் அச்சத்துக்கு அது நேரான விடையாகும்.

குரல் வழிப் பேச்சைப் பற்றி முதல் பதிலோடு சற்று மாறுபடுகிறேன். பேச்சு மொழியில் தயங்குபவர்களுக்கு, யோசித்து எழுத வாய்ப்புத் தரும் தனி மின்னஞ்சலே நியாயமானது. எது வேண்டும் என்பதை அவரவரே தேர்ந்தெடுக்கட்டும்.

நடத்தை விதியை இங்கே எடுக்காதீர்கள். அது இழிவுபடுத்தல், மிரட்டல் போன்றவற்றுக்கானது. கோபத்தில் கேட்ட ஒரு கேள்விக்கு அதை நீட்டினால் தண்டனையாகவே தெரியும். ஆனால் அந்தக் கோப்பை ஒரு முறை திறந்து பாருங்கள். பலர் கான்ட்ரிபியூட்டர் கோவனன்ட் என்ற பொது நடத்தை விதி வார்ப்புருவை அப்படியே நகலெடுத்து, புகார் அனுப்ப வேண்டிய முகவரிக்கான இடத்தை நிரப்பாமலே விட்டுவிடுகிறார்கள். நிரப்பியிருந்தாலும், புகார் உங்கள் மூவரில் ஒருவர் மீதே வந்தால் அதைப் படிப்பவர் யார்? பராமரிப்பாளர் அல்லாத இருவரில் ஒருவரைக் கேட்டு, அவர் இசைந்தால் அவர் முகவரியையும் சேர்த்துவிடுங்கள்.